பள்ளி மாணவனும் பந்தாட்ட ஒப்பந்தமும்

இன்றைய பேச்சு பெரும்பாலும் மாணவ நண்பர்களை நோக்கியதே.

நான் மடுகரைப் பகுதியில் நெடுநாளாக உடற்பயிற்சி ஆசிரியனாகப் பணிபுரிந்து வருபவன். தை மாதத்தில் நெல் அறுவடை முடிந்ததும் எங்கள் பக்கத்து வயல்கள் விளையாட்டுத் திடல்களாகிவிடும். ஒரு வயலில் கபடி நடக்கும். அடுத்த வயலில் கைப்பந்து. சற்றுத் தள்ளி வரப்பையே எல்லைக்கோடாக வைத்துக்கொண்டு கிரிக்கெட். அங்கே ஆடும் இளைஞர்களின் வாயில் சில ஆண்டுகளாக ஒரு சொல் அடிக்கடி கேட்கிறது. ‘ஏலம்’ என்பதே அச்சொல். ஏலம் என்றால் எங்கள் தலைமுறைக்குப் புளியமரத்துக் காய்ப்பும் ஏரி மீனுந்தான் நினைவுக்கு வரும். இன்றோ ஆட்டக்காரர்களை ஏலத்தில் எடுக்கும் காலம் வந்துவிட்டது. ஆகவே, பதினேழு பதினெட்டு வயது மாணவனும் அவன் பெற்றோரும் முன்பு எதிர்கொள்ளாத ஒரு கேள்வியை எதிர்கொள்கின்றனர். ‘ஏதேனும் ஓர் அணி பையனை அழைத்தால், படிப்பை விட்டுவிட்டுப் போகலாமா?’ என்பதே அக்கேள்வி.

இக்கேள்விக்கு ஏறக்குறைய அறுபது ஆண்டுகளாக விதிகள் வகுத்து விடை தேடிவரும் நாடு ஒன்று உண்டு. அது அமெரிக்கா. அங்கே நடப்பதை முதலில் பார்ப்போம். பிறகு நம் ஊருக்குத் திரும்பி, அதிலிருந்து எதைக் கொள்ளலாம், எதைத் தள்ளலாம் என்று எண்ணிப் பார்ப்போம்.

அமெரிக்கர்கள் பெரிதும் விரும்பி ஆடும் பந்தாட்டங்களுள் ஒன்று பேஸ்பால். உருண்டைக் கட்டையால் பந்தை அடித்துவிட்டு நான்கு தளங்களைச் சுற்றி ஓடிவரும் ஆட்டம் அது. அதில் 30 பெரிய தொழில்முறை அணிகள் இருக்கின்றன. ஆண்டுக்கு ஒருமுறை அவை கூடி, நாட்டிலுள்ள இளம் ஆட்டக்காரர்களைப் பங்கிட்டுக்கொள்கின்றன. 1965ஆம் ஆண்டில் தொடங்கிய இம்முறைக்கு ‘டிராஃப்ட்’ என்று பெயர். நம் நாட்டு ஏலத்துக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. இங்கே யார் மிகுதியாகக் கேட்கிறாரோ அவருக்கே ஆட்டக்காரர் கிடைப்பார். அங்கே அணிகள் வரிசையாக முறைவைத்து ஒவ்வொருவராகப் பெயர் சொல்லும். ஓர் அணி ஒருவன் பெயரைச் சொல்லிவிட்டால், அவ்வாண்டு வேறு எந்த அணியும் அவனோடு பேச முடியாது. 2012 முதல் 2019 வரை இவ்வாறு 40 சுற்றுகள் நடந்தன. 2021 முதல் 20 சுற்றுகள் நடைபெறுகின்றன.

இதில் பள்ளி இறுதி வகுப்பை முடித்த மாணவனையும் எடுக்கலாம். கல்லூரியில் மூன்றாண்டு படித்தவனையும் எடுக்கலாம். பெயர் சொல்லப்பட்டதனாலேயே பள்ளி மாணவன் அணிக்கு உரியவனாகிவிட மாட்டான். அவன் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். இட மறுத்துக் கல்லூரிக்கும் போகலாம். நான்காண்டுக் கல்லூரியில் சேர்ந்துவிட்டால், மூன்றாம் ஆண்டு முடியும் வரை அல்லது 21 வயது ஆகும் வரை பொதுவாக அவனை மீண்டும் தேர்ந்தெடுக்க இயலாது. கையெழுத்திட்டுவிட்டாலோ, பிறகு கல்லூரி அணிக்காகப் பேஸ்பால் ஆட அவனுக்கு அனுமதி இல்லை. அங்கே பல மாணவர்களுக்கு ஆட்டத் திறமையே கல்லூரி உதவித்தொகையைப் பெற்றுத் தருகிறது. ஆகவே ஒரு கதவைத் திறந்தால் மற்றது மூடிக்கொள்ளும்.

இனி, கடைசிச் சுற்றுகளில் பெயர் சொல்லப்படும் பள்ளி மாணவனைக் கவனியுங்கள். கடைசியில் அழைக்கப்பட்டவனுக்குக் கடைசிக் கூலிதான் கிடைக்கும் என்று நினைப்போம். நடப்பது அவ்வாறில்லை. முதல் பத்துச் சுற்றுகளில் ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு மதிப்பு குறிக்கப்பட்டிருக்கிறது. அம்மதிப்புகளின் கூட்டுத்தொகையே ஓர் அணி அவ்வாண்டு புதியவர்களுக்குக் கையெழுத்துப் பணமாகத் தரக்கூடிய வரம்பு. அவ்வரம்பை மீறினால் வரி உண்டு. நூற்றுக்கு ஐந்து பங்குக்கு மேல் மீறினால் அடுத்த ஆண்டின் முதற்சுற்று உரிமையே பறிபோகும். பதினொன்றாம் சுற்றிலிருந்து கணக்கு வேறு. 2023 முதல் அச்சுற்றுகளில் ஒருவனுக்கு 1,50,000 டாலர் வரை கொடுத்தால் அது வரம்பில் சேராது. அதற்கு மேற்பட்ட தொகை மட்டும் சேரும். மேலும், முதல் பத்துச் சுற்றுகளில் எடுக்கப்பட்டவன் கையெழுத்திட மறுத்தால், அவன் இடத்துக்கு உரிய மதிப்பு அணியின் வரம்பிலிருந்து கழிந்துபோகும். பிற்சுற்றுகளில் ஒருவன் மறுத்தால் அவ்வாறு எதுவும் கழிவதில்லை.

இந்த விதிகளை வைத்துக்கொண்டு அணி நிருவாகிகள் ஒரு சிக்கனம் செய்கின்றனர். ஆறு முதல் பத்து வரையிலான சுற்றுகளில், கல்லூரியின் கடைசி ஆண்டையும் முடித்துவிட்ட ஆட்டக்காரர்கள் சிலரை எடுத்து, சில ஆயிரம் டாலருக்கே கையெழுத்து வாங்கிவிடுகின்றனர். அந்த இடங்களுக்குக் குறித்த மதிப்பில் மிஞ்சும் பணத்தைச் சேர்த்துவைத்து, பிற்சுற்றில் எடுத்த பள்ளி மாணவன் ஒருவனுக்குப் பெருந்தொகையாகக் கொடுக்கின்றனர்.

ஆட்டத்தில் முதிர்ந்த கல்லூரிக்காரனுக்குச் சில்லறையும், மீசை அரும்பாத பையனுக்குப் பெரும்பணமும் ஏன்? கல்லூரிக்காரனுக்குப் போக வேறிடம் இல்லை. ‘மாட்டேன்’ என்று அவன் சொல்வதற்கு இல்லை. பள்ளி மாணவன் கையிலோ கல்லூரியில் சேரும் ஆணை இருக்கிறது. ‘உங்கள் தொகை போதாது, நான் படிக்கப் போகிறேன்’ என்று அவனால் சொல்ல முடியும். ஆகவே அவனுக்கு விலை கூடுகிறது. ஒருவன் எதை விட்டுவிட்டு வருகிறான் என்பதும் அவன் விலையை முடிவு செய்கிறது. மாணவ நண்பர்களே, இந்த ஒரு கருத்தை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். படிப்பு ஆட்டத்துக்குப் பகை என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அங்கே ஆட்டக்காரனுக்குப் பேரம் பேசும் வலிமையைக் கொடுப்பதே அவனுடைய படிப்புதான்.

இரு வழிகளிலும் சென்று வென்றவர்கள் உண்டு. டெக்சாஸ் மாநிலத்துச் சிற்றூராகிய ஆல்வினில் பள்ளியை முடித்த நோலன் ரயனை, 1965இல் நியூயார்க் மெட்ஸ் அணி பன்னிரண்டாம் சுற்றில்தான் எடுத்தது. அவர் கையெழுத்திட்டார். 27 பருவங்கள் ஆடி, 5,714 ஆட்டக்காரர்களைப் பந்துவீச்சினாலேயே அடிக்கவிடாமல் வெளியேற்றினார். அச்சாதனையை இன்றளவும் எவரும் முறியடிக்கவில்லை. கீத் எர்னாண்டஸ் 1971இல் 42ஆம் சுற்றில் எடுக்கப்பட்ட பள்ளி மாணவர். அவரும் கையெழுத்திட்டார், 1979இல் தம் சங்கத்தின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் என்ற விருதை இன்னொருவருடன் பகிர்ந்துகொண்டார்.

மறுத்தவர்களையும் பாருங்கள். கலிஃபோர்னியாவின் லிண்டன் என்ற சிற்றூர்ப் பள்ளியில் பயின்ற ஆரன் ஜட்ஜை, 2010இல் ஓக்லண்ட் அணி 31ஆம் சுற்றில் எடுத்தது. அவருடைய பெற்றோர் இருவரும் ஆசிரியர்கள். அவர் கையெழுத்திடாமல் ஃபிரெஸ்னோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். மூன்றாண்டு கழித்து, 2013இல், நியூயார்க் யாங்கீஸ் அணி அவரை முதற்சுற்றிலேயே எடுத்து 18 இலட்சம் டாலர் கொடுத்தது. 2022இல் ஒரே பருவத்தில் 62 முறை பந்தை எல்லைக்கு அப்பால் அடித்துத் தம் சங்கத்தில் புதிய சாதனை படைத்தார். பஸ்டர் போசியின் கதையும் இதைப் போன்றதே. 2005இல் 50ஆம் சுற்றில் அழைக்கப்பட்டபோது மறுத்துவிட்டுப் ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். 2008இல் நாட்டிலேயே ஐந்தாவது ஆளாக எடுக்கப்பட்டு 62 இலட்சம் டாலர் பெற்றார்.

இவை வென்றவர்களின் கதைகள். வெல்லாதவர்களின் கதையை யாரும் எழுதுவதில்லை; அவர்களே பெரும்பாலோர். பிற்சுற்றில் கையெழுத்திட்ட பள்ளி மாணவர்களில் மிகப் பலர் பெரிய அணிக்காக ஓர் ஆட்டமும் ஆடாமலே திரும்பிவிடுகின்றனர். கையெழுத்திட்டவன் நேரே பெரிய அணிக்குப் போவதில்லை. கீழ்ப்படி அணிகளில் பல ஆண்டுகள், சிற்றூர் சிற்றூராகப் பேருந்தில் அலைந்து ஆட வேண்டும். அங்கே ஊதியம் நெடுங்காலம் மிகக் குறைவாகவே இருந்தது. 2023இல் ஏற்பட்ட தொழிலாளர் ஒப்பந்தத்துக்குப் பிறகுதான் ஓரளவு உயர்ந்தது.

இப்படித் திரும்புகிறவர்களுக்காக அந்நாட்டினர் செய்துள்ள ஓர் ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. கையெழுத்திடும்போதே, ‘இவன் பின்னாளில் கல்லூரிக்குச் சென்றால் இத்தனை பருவங்களின் செலவை அணி ஏற்கும்’ என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொள்ளலாம். ஆட்டத்தை விட்ட இரண்டாண்டுக்குள் படிப்பைத் தொடங்க வேண்டும் என்பது அதற்கு நிபந்தனை. பெருந்தொகை கேட்கத் தெரிந்த பெற்றோர் இந்த ஒரு வரியையும் மறவாமல் கேட்கின்றனர்.

இந்த ஆட்டம் நம் நாட்டு இளைஞர்களையும் ஒருமுறை தொட்டது. 2008இல் வேகமாகப் பந்தெறியும் இளைஞர்களைத் தேடி இந்தியாவில் ஒரு போட்டி நடந்தது. ஈட்டி எறிந்துகொண்டிருந்த உத்தரப் பிரதேசத்து இளைஞர்கள் ரிங்கு சிங், தினேஷ் படேல் இருவரும் அதன் வழியாக அமெரிக்கா சென்று, அவ்வாண்டே பிட்ஸ்பர்க் பைரட்ஸ் அணியோடு ஒப்பந்தம் செய்தனர். தினேஷ் 2010இல் விடுவிக்கப்பட்டார். ரிங்கு சில ஆண்டுகள் தொடர்ந்து ஆடினார். இருவருமே பெரிய அணியை எட்டவில்லை. தொலைவுக்குச் சென்று முயன்று பார்த்த அவர்களின் துணிவு பாராட்டுக்குரியது. ஆனால் அழைப்பு வேறு, வாழ்வு வேறு என்பதையும் அவர்கள் கதை நமக்குச் சொல்கிறது.

இனி நம் ஊருக்கு வருவோம். புதுச்சேரிக்கெனத் தனிக் கிரிக்கெட் அணி தேசியப் போட்டிகளில் இடம்பெற்றது 2018ஆம் ஆண்டில்தான். அவ்வாண்டு நம் அணி முதன்முறையாக ரஞ்சிக் கோப்பையில் ஆடியது. வில்லியனூர்ப் பக்கம் துத்திப்பட்டில் நல்ல மைதானங்கள் இருக்கின்றன. கபடியிலோ 2014இல் புரோ கபடி என்ற தொழில்முறைப் போட்டி தொடங்கியது. அதன் 2023ஆம் ஆண்டு ஏலத்தில் கடைசிப் பிரிவு ஆட்டக்காரருக்குத் தொடக்க விலை 9 இலட்சம் ரூபாய். மிக உயர்ந்த விலை பெற்ற பவன் செராவத்துக்கு 2 கோடியே 60 இலட்சத்துக்கு மேல். இவ்வாறு, நம் வயல்வெளியில் ஆடும் பையன் கனவு காண்பதற்கு இன்று காரணம் இருக்கிறது.

கனவின் அளவையும் நாம் அறிந்திருக்க வேண்டும். 2024 நவம்பரில் நடந்த ஐ.பி.எல். ஏலத்துக்குப் பெயர் கொடுத்தவர்கள் 1,574 பேர். அவர்களுள் பட்டியலில் இடம்பெற்றவர்கள் 577 பேர்; விலைபோனவர்கள் 182 பேர். அந்த ஏலத்தில் பீகாரைச் சேர்ந்த வைபவ் சூரியவன்ஷி என்ற 13 வயதுச் சிறுவனை ராஜஸ்தான் அணி 1 கோடியே 10 இலட்சத்துக்கு எடுத்தது. அடுத்த ஏப்ரலில் அவன் 35 பந்துகளில் நூறு ஓட்டம் அடித்தான். நாடு வியந்தது, நானும் வியந்தேன். ஆனால் 2018 டிசம்பரில் பிரயாஸ் ராய் பர்மன் என்ற வங்காளத்து இளைஞனைப் பெங்களூர் அணி 1½ கோடிக்கு எடுத்ததையும் நினைவில் கொள்க. 16 வயதில் அவன் ஓர் ஆட்டம் ஆடினான். நான்கு ஓவர்களில் 56 ஓட்டங்கள் போயின. அந்த ஓர் ஆட்டத்தோடு அப்பருவம் அவனுக்கு முடிந்தது. அணியும் அவனை விடுவித்தது. அவனிடம் குறை ஒன்றும் இல்லை. எவருக்கும் ஒரு மாலை அப்படி அமையலாம். ஓர் ஆட்டத்தையே நம்பி வாழ்வு முழுவதையும் வைத்துவிடலாகாது என்பதே நாம் கொள்ளவேண்டிய பாடம்.

தமிழ்நாட்டு எடுத்துக்காட்டுகள் இதனினும் தெளிவானவை. சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியைச் சேர்ந்த நடராஜனை 2017இல் பஞ்சாப் அணி 3 கோடிக்கு எடுத்தது. அடுத்த ஆண்டு ஐதராபாத் அணியில் சேர்ந்த அவர், இரண்டு பருவங்கள் ஓர் ஆட்டமும் கிடைக்காமல் காத்திருந்தார். 2020இல்தான் அவருக்குக் காலம் கனிந்தது. அக்குளிர்காலத்திலேயே ஆஸ்திரேலியாவில் இந்தியாவுக்காக மூவகை ஆட்டங்களிலும் அறிமுகமானார். வருண் சக்கரவர்த்தி கட்டடக் கலை பயின்று பட்டம் பெற்று, அத்தொழிலையும் செய்துவிட்டு, அதன் பிறகே தீவிரமாக ஆட்டத்துக்கு வந்தவர். 20 இலட்சம் தொடக்க விலையில் இருந்த அவரை 2018 டிசம்பரில் 8 கோடியே 40 இலட்சத்துக்கு எடுத்தார்கள். டெஸ்ட் ஆட்டங்களில் 537 விக்கெட்டுகள் வீழ்த்திய அசுவின் ஒரு பொறியியல் பட்டதாரி. படித்ததனால் இவர்கள் பந்து சுழலாமல் போய்விடவில்லை.

இங்கேதான் நான் சொல்ல வந்த செய்தி இருக்கிறது. அமெரிக்க மாணவனை, ‘இதுவா, அதுவா?’ என்று விதி நெருக்குகிறது. நம் மாணவனை எந்த விதியும் அவ்வாறு நெருக்கவில்லை. ஏலத்தில் எடுக்கப்பட்டவன் கல்லூரியில் படிக்கலாகாது என்று எந்த ஒப்பந்தமும் தடுப்பதில்லை. ஐ.பி.எல். ஆண்டில் ஏறக்குறைய இரண்டு மாதமே நடக்கிறது. புரோ கபடியும் சில மாதங்களில் முடிந்துவிடுகிறது. எஞ்சிய மாதங்கள் அவனுக்கே உரியவை. வருகைப் பதிவும் தேர்வு நாளும் இடையூறு செய்யும் என்பது உண்மைதான். ஆனால் அவை முதல்வரிடம் முன்கூட்டியே எழுதிக் கேட்டும், துணைத் தேர்வு எழுதியும், தொலைநிலைக் கல்வியில் சேர்ந்தும் கடக்கக்கூடிய இடையூறுகள். அங்கே விதி மூடும் கதவை இங்கே யாரும் மூடவில்லை. அவசரத்தில் நாமே மூடிவிடுகிறோம்.

அண்மையில் என்னிடம் பயின்ற மாணவன் ஒருவனின் தந்தை, கரும்பு வெட்டிவிட்டு அப்படியே வந்து என் வீட்டுத் திண்ணையில் அமர்ந்தார். மகன் கபடியில் நன்றாகப் பாடிச் செல்பவன். வெளியூர்க் குழு ஒன்று அவனைப் பயிற்சிக்கு அழைத்திருந்தது. “சார், பரீட்சைக்கு மூன்று மாதம் இருக்கிறது. அதற்குள் வந்தால்தான் இடம் என்கிறார்கள். தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் முன்பணம் கட்டவேண்டுமாம். பெரிய ஏலத்தில் சேர்த்துவிடுவதாகச் சொல்கிறார்கள். படிப்பை நிறுத்திவிடலாமா?” என்று கேட்டார். நான் அவருக்கு ஒன்றே சொன்னேன்: “ஐயா, உண்மையில் ஆளைத் தேர்ந்தெடுக்கும் அணி பணம் கொடுக்கும், நம்மிடம் பணம் கேட்காது.” பிறகு அவர் சார்பில் அக்குழுவுக்குச் சில கேள்விகள் எழுதி அனுப்பினேன். மறுமொழி வரவே இல்லை. பையன் தேர்வு எழுதினான். இன்று கல்லூரி அணிக்காக ஆடுகிறான். நாளை உண்மையான அழைப்பு ஒன்று வரலாம். வந்தால் போகட்டும் என்றே நானும் சொல்வேன்.

அன்று எழுதிய கேள்விகளை உங்களுக்கும் சொல்கிறேன். முதலாவது, கொடுப்பதாகச் சொல்லும் தொகை எழுத்தில் இருக்கிறதா? அது உறுதியான தொகையா, ஆடினால் மட்டும் கிடைப்பதா? இரண்டாவது, ஒப்பந்தம் எத்தனை பருவத்துக்கு? இடையில் விடுவிக்கும் உரிமை யாருக்கு இருக்கிறது? மூன்றாவது, முழங்கால் முறிந்தால் மருத்துவச் செலவு யாருடையது? நான்காவது, தேர்வு நாள்களில் விடுப்பு உண்டா? கல்விச் செலவில் ஒரு பகுதியை அணி ஏற்குமா? இக்கடைசிக் கேள்வியை நம் நாட்டில் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. பலரும் கேட்கத் தொடங்கினால்தான் அது வழக்கமாகும்.

இன்னொன்றையும் நினைவிற்கொள்ளுங்கள். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, 18 வயது நிறையாதவர் தாமாகச் செய்யும் ஒப்பந்தம் செல்லாது. ஆகவே, ‘வீட்டுக்குத் தெரிய வேண்டாம், இங்கே ஒரு கையெழுத்துப் போடு’ என்று எவரேனும் சொன்னால், அவர் சட்டம் அறியாதவர், அல்லது உங்களுக்கு நன்மை நாடாதவர். தாளை வீட்டுக்குக் கொண்டுவாருங்கள்; பெற்றோரோடும் படித்த பெரியவர் ஒருவரோடும் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் படியுங்கள். அதற்கு இரண்டு நாள் அவகாசம் தராத அணி, உங்களுக்கு இரண்டு பருவ வாய்ப்பையும் தராது.

பெற்றோர்களுக்கும் ஒரு சொல். பையன் ஆடுவதைக் கண்டு, ‘சோறு போடுமா இந்த ஆட்டம்?’ என்று கடிந்துகொண்ட காலம் ஒன்று இருந்தது. இன்று சிலருக்குச் சோறு போடுகிறது. பலருக்கு உடல்நலமும், ஒழுங்கும், நல்ல தோழமையும் தருகிறது. ஆகவே அவனைத் தடுக்காதீர்கள். அதே வேளையில், ஒருவனுக்குக் கிடைத்த கோடியைச் செய்தித்தாளில் படித்துவிட்டு, உங்கள் மகன் கையிலிருக்கும் புத்தகத்தை நீங்களே வாங்கி வைத்துவிடவும் வேண்டாம்.

மாணவ நண்பர்களே, பட்டியலின் கடைசியில் பெயர் வந்தவன் உயர்ந்ததும் உண்டு. முதலில் வந்தவன் மறைந்ததும் உண்டு. பட்டியலில் எங்கே இருக்கிறோம் என்பது நம் கையில் இல்லை. ‘வருகிறேன்’ என்று சொல்லும்போது, ‘வரமாட்டேன்’ என்று சொல்லவும் வலிமை உடையவனாக இருப்பது நம் கையில் இருக்கிறது. அவ்வலிமையைத் தருவது கல்வி. காலையில் நன்றாக ஆடுங்கள். மாலையில் விளக்கேற்றிப் படியுங்கள். அழைப்பு வரும் நாளில் இரண்டும் உங்களுக்குத் துணை நிற்கும்.